ஐந்தில் ஒரு பங்கு கூட்டி

பிரதான ஆசாரியர் அன்று இரவு தூங்கக் கூடாது. மறுநாள் யோம் கிப்பூர், பாவநிவாரண நாள். ஏழு நாளுக்கு முன்பே அவரை வீட்டிலிருந்து பிரித்து எருசலேம் ஆலயத்தில் ஓர் அறையில் தங்கவைத்துவிடுவார்கள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட விடமாட்டார்கள். உண்ட மயக்கம் வந்துவிடும். கண் சொருகினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள், எழுந்து தரையில் நிற்கச் சொல்வார்கள். யோபு, எஸ்றா, நாளாகமம் என்று விடிய விடிய வாசிப்பு நடக்கும். அதற்கும் முன்னால் மூப்பர்கள் வந்து, சொல்லிக்கொடுத்த முறையில் எதையும் மாற்றமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்குவார்கள். சத்தியம் செய்துவிட்டு அவர் ஒருபுறம் திரும்பி அழுவார். வாங்கியவர்களும் திரும்பி அழுவார்கள். தன்னைச் சந்தேகித்துவிட்டார்களே என்று அவருக்கு. இப்படிப்பட்டவரைச் சந்தேகிக்க நேர்ந்ததே என்று இவர்களுக்கு.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், யோமா என்ற பகுதியில் இந்த நடைமுறைகள் இருக்கின்றன. அப்போது ஆலயம் இடிந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நடத்த இடமே இல்லாமல் போன ஒரு வழிபாட்டை, விடிந்ததும் நடத்தப்போகிறவர்களைப் போல அங்குலம் அங்குலமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வேண்டும். தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். ஒன்று கர்த்தருக்கு, அதன் இரத்தம் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும். மற்றது போக்காடு. அதன் தலையில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் ஆசாரியர் அறிக்கையிட்டதும் அதை வனாந்தரத்துக்குக் கொண்டுபோவார்கள். வழியில் பத்துக் குடில்கள். கொண்டுபோகிறவனிடம் ஒவ்வொரு குடிலிலும், இதோ சாப்பாடு, இதோ தண்ணீர் என்று நீட்டுவார்கள். கடைசியில் ஒரு செங்குத்துப் பாறை. அங்கிருந்து தள்ளிவிட்டால் பாதி மலை இறங்குமுன்பே ஆடு சிதறிப்போகும். இங்கே ஆலயத்தில், உள்ளே போன ஆசாரியர் வெளியே வரும் வழியில் சொல்லும் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்வார். நேரமானால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள். பத்திரமாகத் திரும்பிவிட்டால் நண்பர்களுக்கு விருந்து வைப்பார்.

இவ்வளவையும் விரித்துச் சொல்லிவிட்டு, யோமா தன் கடைசி அதிகாரத்தில் ஒரே போடாகப் போடுகிறது. மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்தவற்றுக்கு இந்த நாள் நிவிர்த்தி தரும். அடுத்த மனிதனுக்குச் செய்தவற்றுக்கு, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை தராது. இப்போது செய்துகொள்வோம், அந்த நாள் வந்து தீர்த்துவிடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவனுக்கும் தராது. ஏழு நாள் தனியறை, தூங்காத இரவு, சிவப்பு நூல், பாறை விளிம்பு எல்லாம் சேர்ந்தும் பக்கத்து வீட்டுக்காரனின் இடத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

யூத குருக்களான ரபீக்கள் புதிதாகச் சேர்த்த விதி என்று இதை நினைத்துவிடக் கூடாது. லேவியராகமம் என்றாலே பக்கத்துக்குப் பக்கம் இரத்தம் என்று தாண்டிப்போகிறவர்கள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களையும் தாண்டிவிடுகிறார்கள். அங்கே ஒருவன், நம்பி ஒப்படைத்த பொருளை வாங்கவே இல்லை என்று சாதித்திருக்கிறான், அல்லது பறித்திருக்கிறான், அல்லது கீழே கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டு பொய்ச்சத்தியம் பண்ணியிருக்கிறான். அவன் என்ன செய்ய வேண்டும்? முதலை முழுசாகத் திருப்ப வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். கொடுக்க வேண்டியது ஆசாரியனிடமோ ஆலயக் கருவூலத்திலோ இல்லை. யாருடைய பொருளோ அவனிடம். குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடா அதற்குப் பிறகுதான். நூறு காசை அமுக்கியவன் நூற்றிருபதோடு அந்த வீட்டுப் படியேற வேண்டும். எண்ணிக் கொடுக்கும்போது எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்தாக வேண்டுமே, சட்டம் கடிப்பது அந்த இடத்தில்தான். இரத்தம் இல்லாமல் மன்னிப்பே இல்லை என்று மேடைதோறும் முழங்கக் கேட்டவர்கள் 5ஆம் அதிகாரத்தையும் புரட்டிப் பார்க்கலாம். இரண்டு புறாக் குஞ்சுக்கும் வழியில்லாத ஏழை, ஒரு எப்பா மாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர் மாவு கொண்டுவந்தால் போதும். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம். அவன் பாவத்துக்கு அதுவே நிவாரணம்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு பிடிப்பதும் இதே வரிசையைத்தான். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்து நிற்கிறவனுக்கு, சகோதரனுக்குத் தன்மேல் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட வேண்டும் என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில். இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல்; சமாரியா வழியாகக் குறுக்கே நடந்தாலும் மூன்று நாள் ஆகும். ஊருக்குப் போய், பேசித் தீர்த்து, மறுபடி வந்து சேர ஒரு வாரம். அதுவரை ஆட்டுக்கு யார் தழை போடுவது? சொன்னதைக் கேட்டுச் சிலர் சிரித்திருப்பார்கள். சிரிக்காமல் யோசித்தவன் இன்னொன்றையும் கவனித்திருப்பான்: சகோதரன் தனக்குச் செய்ததை நினைத்துக்கொண்டு அவன் திரும்பி நடக்கவில்லை, தான் அவனுக்குச் செய்ததை நினைத்து நடக்கிறான்.

கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை ஆலயத்தைக் கொளுத்தியது. யோகனான் பென் சக்காய் என்ற ரபீயும் அவருடைய சீடர் யோசுவாவும் பிற்பாடு அந்த இடிபாட்டின் பக்கமாக நடந்துபோனதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இஸ்ரவேலின் பாவங்களுக்கு நிவிர்த்தி நடந்த இடம் இப்படிப் பாழாய்க் கிடக்கிறதே என்று சீடர் கலங்கினார். இதற்கு ஈடான நிவிர்த்தி வேறொன்று நம்மிடம் இருக்கிறது, அது அன்பின் செயல்கள் என்று சொல்லி, பலியைவிட இரக்கத்தையே கடவுள் விரும்புகிறார் என்னும் ஓசியாவின் வாக்கை ரபீ எடுத்துக்காட்டினார். மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு முறை எடுத்தாள்வதும் ஓசியாவின் அதே வாக்கைத்தான்: ஆயக்காரரோடு பந்தியிருந்ததைக் குறை சொன்னவர்களிடம் ஒரு முறை, ஓய்வுநாளில் கதிர் கொய்த சீஷர்களுக்காக மறுமுறை. ஒன்றையொன்று மறுத்துப் பிரிந்துபோன இரண்டு சமயங்களும் புறப்படும்போது கையில் எடுத்துக்கொண்டது ஒரே தீர்க்கதரிசியின் ஒரே வாக்கு.

பிரிந்த பிறகு பாதைகள் வேறு. யூதர்களிடம் பலியின் இடத்தை ஜெபமும் மனந்திரும்புதலும் தருமமும் எடுத்துக்கொண்டன. இன்றும் யோம் கிப்பூரில் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, தோல் செருப்பு அணிவதில்லை. நெஞ்சில் தட்டிக்கொண்டு பாவங்களை வரிசையாக அறிக்கையிடுவார்கள். அத்தனையும் பன்மையில், செய்யாதவனும் சேர்ந்து சொல்லும்படியாக. சிலர் பண்டிகைக்கு முன் ஒரு கோழியைத் தலைக்கு மேல் சுற்றி, அறுத்து, ஏழைக்குக் கொடுப்பார்கள். திருஷ்டி சுற்றிப் போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. 16ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் யோசேப் காரோவுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை, நிறுத்த வேண்டும் என்றே எழுதினார். நின்றபாடில்லை; பலர் கோழிக்குப் பதில் பணத்தைச் சுற்றித் தருமம் செய்கிறார்கள்.

கிறிஸ்தவர்களுக்கு ஒரே பலி, ஒரே முறை. ஆண்டுதோறும் செலுத்த வேண்டியிருக்கிறது என்பதே முந்தைய பலிகள் முற்றாகத் தீர்க்கவில்லை என்பதற்குச் சாட்சி என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் வாதாடுகிறது. சரி, அந்த ஒரு பலி எப்படித் தீர்க்கிறது? திருச்சபை முழுவதும் ஏற்ற ஒரே விடை இதற்குக் கிடையாது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம் சொன்னது: தீர்க்கக் கடமைப்பட்டவன் மனிதன், தீர்க்கக்கூடியவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள் மனிதனானார். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார், சிலுவையில் தெரியும் அன்பு நம் நெஞ்சை உருக்கித் திருப்புகிறது என்றார். பிற்காலச் சீர்திருத்தவாதி கால்வினிடம் தண்டனை முன்னுக்கு வந்தது. இந்தக் கடைசி விளக்கம் கூட்டங்களில் படும் பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது. கோபங்கொண்ட தகப்பன், அடி வாங்கும் மகன், தப்பித்துக்கொண்ட நாம். யாரோ ஒரு மூன்றாம் ஆள் விலை கொடுத்து விவகாரத்தை முடித்துவைத்ததாக ஆகிவிடுகிறது. நூற்றிருபது காசோடு படியேறச் சொன்ன லேவியராகமத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்கு வழி காட்டுவது மத்தேயு 18ஆம் அதிகாரத்தின் கடன் உவமை. ராஜாவிடம் ஓர் ஊழியன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியு. ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. அவன் கெஞ்ச, ராஜா மனமிரங்கி விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியு தர வேண்டிய சக ஊழியனின் குரல்வளையைப் பிடிக்கிறான். இந்த நூறை அற்பத் தொகை என்று சொல்லிச் சொல்லியே பிரசங்கங்கள் பழகிவிட்டன. நூறு நாள் கூலி அற்பமா? மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது. தினக்கூலிக்குப் போகும் யாரும் சொல்வார்கள். உவமை சொன்னவர் தச்சர், கூலியின் மதிப்பு தெரிந்தவர். ஒன்றோ இரண்டோ தெனாரியு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மன்னிக்கிறவனுக்கு ஏற்படும் நட்டம் மெய்யான நட்டம்.

கடன் தள்ளுபடி ஆனால் வாங்கியவன் கணக்கில் தொகை மறைந்துவிடும். கொடுத்தவன் கணக்கில் மறையாது. அங்கே நட்டமாக ஏறும். ராஜா விட்டுக்கொடுத்த கணத்தில் பதினாயிரம் தாலந்தும் ராஜாவின் தலையில் விழுந்தது.

இந்த இடத்தில் நின்றுகொண்டு, பலி செலுத்துவது யார் என்று திரும்பக் கேட்க வேண்டும். குற்றம் செய்தவன் ஆடு கொண்டுவருகிறான். திருப்ப முடிந்ததைத் திருப்புகிறான். ஐந்தில் ஒரு பங்கும் கூட்டுகிறான். ஆனால் திருப்ப முடியாதவையும் உண்டே. கெடுத்த பெயர், தொலைந்த வருஷங்கள், போன உயிர். எந்த மந்தையிலும் இவற்றுக்கு ஈடான ஆடு இல்லை. இவற்றில் மன்னிப்பு என்று ஒன்று நிகழுமானால், அதற்கான பலியைச் செலுத்துகிறவன் குற்றத்தால் பாதிக்கப்பட்டவன். நியாயப்படி தனக்கு வர வேண்டியதை அவன் விட்டுவிடுகிறான். வராத பாக்கியைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு மிச்ச நாளை வாழ்கிறான். சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்ல வந்ததை இப்படித்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது: மூன்றாம் ஆள் அங்கே கிடையாது. கடன் கொடுத்த ராஜாவே ஆணிகளில் தொங்குகிறார். அடிபட்டவரும் மன்னிக்கிறவரும் ஒருவரே.

அப்படியென்றால் அந்தப் பலியை வேறு யாரும் பாதிக்கப்பட்டவனுக்காகச் செலுத்திவிட முடியாது. யூத மரபு விட்டுக்கொடுக்காமல் நிற்பது இங்கேதான். சீமோன் விசெந்தால் நாஜிகளின் முகாமில் கைதியாக இருந்தபோது, லெம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனையில் சாகக் கிடந்த எஸ்.எஸ். படை இளைஞனிடம் அவரை அழைத்துப்போனார்கள். ஒரு வீட்டுக்குள் யூதர்களை அடைத்துத் தீவைத்ததையும், குதித்துத் தப்பப் பார்த்தவர்களைச் சுட்டதையும் அவன் சொன்னான். குழந்தையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு குதித்த தகப்பனைப் பற்றியும் சொன்னான். ஒரு யூதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்றான். விசெந்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். போருக்குப் பிறகு இதை ‘சூரியகாந்தி’ என்ற புத்தகமாக எழுதி, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பலரிடம் கேட்டார்.

யூத இறையியலாளர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் அதற்கு ஒரு கதையையே பதிலாக எழுதினார். பிரிஸ்க் ஊரின் பெரிய ரபீ ரயிலில் போய்க்கொண்டிருந்தார். உடன் இருந்தவர்கள் வியாபாரிகள், சீட்டாட்டம். ஒட்டாமல் உட்கார்ந்திருந்த கிழவர்மேல் எரிச்சலாகி, ஒருவன் அவரைப் பெட்டியைவிட்டு வெளியே தள்ளினான். ஊர் வந்து இறங்கியதும்தான் இன்னார் என்று தெரிந்தது. ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். ரபீ மறுத்தார். திரும்பத் திரும்பக் கேட்டும் மறுத்தார். அவர் மகனுக்கே தாங்கவில்லை, வந்து பரிந்து பேசினார். ரபீ சொன்ன காரணம் இது: நான் யாரென்று அவனுக்கு அப்போது தெரியாது, அவன் அவமானப்படுத்தியது பேர் தெரியாத ஒரு சாதாரண ஆளை, அந்த ஆளிடம் போய்க் கேட்கட்டும்.

இந்தக் கதையைக் கிறிஸ்தவர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். கொன்றவர்களுக்காகச் சிலுவையில் வேண்டிக்கொண்டவரின் பேரைச் சொல்லியே பல நூற்றாண்டுகள் யூதர்களைக் கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்று விரட்டியது திருச்சபை. அந்தப் பழியை யூத இனத்தின்மேல் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏடறியச் சொல்ல 1965 வரை ஆயிற்று. 2000 மார்ச்சில் போப் இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்குச் சுவர் இடுக்கில் ஒரு விண்ணப்பத் தாளை வைத்தார். யூதர்களுக்கு இழைத்த துன்பங்களுக்காக அதில் அவர் மன்னிப்புக் கேட்டது கடவுளிடம். வேறு யாரிடம் கேட்பது? கேட்கப்பட வேண்டியவர்கள் உயிரோடு இல்லை.

உயிரோடு இருந்தவர் ஒருவர் செலுத்திய பலியை நம் நாடு பார்த்திருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், 10 வயதும் 6 வயதுமான அவருடைய இரண்டு மகன்களும் தூங்கிக்கொண்டிருந்த வாகனத்தோடு கொளுத்தப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார் மனைவி கிளாடிஸ். ஆஸ்திரேலியாவுக்கு உடனே கப்பலேறிவிடவில்லை; 2004 வரை பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான இல்லத்தில் வேலையைத் தொடர்ந்தார். வழக்கு தன் போக்கில் நடந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. மன்னித்துவிட்டாரே, பிறகு எதற்குத் தண்டனை என்று கேட்டவர்கள், அவர் விட்டுக்கொடுத்தது எது என்று பார்க்கத் தவறியவர்கள். தன் பங்குப் பகையைத்தான் அவர் விட்டார். அரசின் சட்டம் அவர் கைச்சொத்து இல்லை, விட்டுக்கொடுப்பதற்கு.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை யாரும் மன்னிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடிக்கிற புருஷனை மன்னித்து வீடு திரும்பும்படி பெண்ணிடம் ஜெபத்தோடு புத்தி சொல்லும் போதகர்கள் உண்டு. சிறுபிள்ளையிடம் தவறாக நடந்தவனுக்காக, அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் சபையின் நல்ல பெயரைச் சொல்லி மன்னிக்கக் கேட்கிறவர்களும் உண்டு. அடுத்தவன் மந்தையிலிருந்து ஆட்டை ஓட்டிவந்து தன் பலி என்று செலுத்துகிறவனை லேவியராகமம் எந்தக் கணக்கில் வைக்குமோ, அந்தக் கணக்கில்தான் இவர்களை வைக்க வேண்டும். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில்கூடக் குருவின் மன்னிப்பு வார்த்தையோடு விஷயம் முடிவதில்லை; திருடியதைத் திருப்ப வேண்டும், கெடுத்த பெயரைச் சீராக்க வேண்டும் என்று அவர்களுடைய மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் இதற்கெல்லாம் சட்டமே எழுதிவைத்தார். புண்பட்டவன் மன்னிக்க மறுத்தால், கேட்கிறவன் மூன்று நண்பர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டும்; மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதற்கும் இரங்காதவனை விட்டுவிடலாம். பாவம் இனி அவன்மேல். புண்பட்டவன் கல்லாய் இருப்பதையும் அவர் ஏற்கவில்லை. புண்பட்டவர் குருவாக இருந்தால் மட்டும் ஆயிரம் முறையானாலும் போய்க் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், பொய்ப்பழி சுமத்திப் பேரைக் கெடுத்தவனை மன்னித்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று பின்னால் வந்த போலந்து அறிஞர் மோசே இசர்லிஸ் ஒரு விலக்குச் சேர்த்தார். பரவிய பேச்சைத் திருப்பி அள்ள முடியாதே. புண்பட்டவன் செத்துப்போயிருந்தால்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பணம் பாக்கியிருந்தால் வாரிசிடம் தர வேண்டும். வாரிசு தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். செத்தவன் மன்னித்துவிட்டான் என்று எழுதித்தர அந்தப் பத்துப் பேருக்கும் அதிகாரம் இல்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் தனக்கென்று ஒரு நற்கருணை ஆராதனை முறையை வகுத்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் வழங்கிவந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டது. காணிக்கை படைப்பதற்கு முன், அடுத்தவர் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் சொல்ல வேண்டும். முதலில் சமாதானம், பிறகு காணிக்கை என்ற இந்த வரிசையின் வேர் மத்தேயு 5இல் இருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் இது அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று, பின்னால் திரும்பி ஒன்று. பெரும்பாலும் நமக்கும் அவர்களுக்கும் ஒரு வழக்கும் இருக்காது. சேகரத் தேர்தலில் கோர்ட்டுக்கு இழுத்தவர் நாலு வரிசை தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எழுந்து அவரிடம் நடந்துபோகக் கூடாது என்று ஆராதனை முறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. காணிக்கைப் பாட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.